ஊசிக்குப் பிறகு சொன்ன சொல்

“...எடுத்துக்கங்கன்னு நானா சொன்னேன்? சொல்லியிருக்க மாட்டனுங்க. எம்பட விரலு, நான் எதுக்குங்க குடுக்கறேன்னு சொல்றேன்?” என்றாள் ராமாயி.

அவள் சொல்லியிருந்தாள். முந்தின நாள் ஆபரேஷன் மேஜையில் படுத்தபடி, சிரித்த முகத்தோடு சொன்னாள். சர்ஜன், மயக்க டாக்டர், நர்ஸ், நான் எல்லோரும் காதால் கேட்டோம். ஆனாலும் அவள் இப்போது பொய் சொல்லவில்லை. இது எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று பெயர்தான். ஒரு பத்தி எழுதுவதற்குள் எழுந்து வாசல்வரை போய் வருகிறேன், ஜன்னலைத் திறக்கிறேன், குளிருகிறது என்று சாத்துகிறேன்.

போன வாரம் வந்த ஒரு வீடியோதான் காரணம். என்னிடம் கொஞ்ச நாள் வேலை பழகிய ஒரு தம்பி, இப்போது கீழே சமவெளியில் எங்கோ மயக்கப் பிரிவில் டெக்னீஷியனாக இருக்கிறான். “அண்ணா, உங்களுக்குத்தான் ஜனங்க பேச்சுன்னா உசுராச்சே, இதைக் கேளுங்க” என்று எழுதி அனுப்பியிருந்தான். ஊசி போட்ட ஒரு பெரியவர் பாதி மயக்கத்தில் தன் மருமகளைப் பற்றிப் பேசுகிறார். பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம். பெரியவரின் பேச்சு நன்றாகத்தான் இருந்தது, அதுதான் தொல்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நிமிடம் போனைக் கவிழ்த்து வைத்தேன். அழித்தும் விட்டேன். ஆனால் அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவனுக்கு இன்னும் பதில் போடவில்லை. இதையே பதிலாக எடுத்துக்கொள்ளட்டும்.

நான் வேலை பார்த்தது ஏற்காட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பெயர் எதற்கு? ஒரு தியேட்டர், ஒரு ஆபரேஷன் மேஜை, மழைக்காலத்தில் சுவரெல்லாம் வியர்க்கும். ஆக்ஸிஜன் சிலிண்டர் உருட்டுவதற்காகத்தான் என்னைச் சேர்த்தார்கள். சிலிண்டரை உருட்டியவன் அதன் குழாயை மாட்டக் கற்றேன், குழாயை மாட்டியவன் மெஷினைச் சோதிக்கக் கற்றேன். மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதங்களை அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். பரீட்சை எல்லாம் பிறகு எழுதினேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

எங்கள் மயக்க டாக்டர் வேதவல்லி மேடம். சேலத்திலிருந்து கல்யாணமாகி மலைக்கு வந்தவர். குள்ளமான உருவம். மேஜை உயரத்துக்கு ஏற்ப அவருக்கென்று ஒரு பலகை போட்டு வைப்போம். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அவர் மெல்லப் பேசினால் நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து நிற்போம். தியேட்டருக்குள் ஸ்வெட்டர் கூடாது என்பது அவர் சட்டம். ஏற்காட்டுக் குளிரில் அது எனக்குப் பெரிய தண்டனை. என் மனைவி வாங்கித் தந்த ஸ்வெட்டர், உருண்டை உருண்டையாகச் சிவப்புப் பொத்தான் வைத்தது, தியேட்டர் கதவுக்கு வெளியே ஒரு ஆணியில் தொங்கும். வெளியே வந்த மறு நிமிடம் அதை மாட்டிக்கொள்வேன். “உங்க ஸ்வெட்டர் உங்களைக் கூப்பிடுது, போங்க ரங்கநாதன்” என்பார் மேடம்.

அவர் கையில் நான் அதிகம் பார்த்த மருந்து மிடாஸோலம். தண்ணீர் மாதிரி இருக்கும். முழு மயக்கம் கொடுப்பதற்கு முன்னால் பயம் தணிய அதில் கொஞ்சம் கொடுப்பார்கள். சின்ன ஆபரேஷனுக்கு, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்துவிட்டு, ஆளை அமைதியாகப் படுக்க வைக்கவும் இதுதான். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாக வரும் பிள்ளைகள் இதில்தான் தடுமாறுகிறார்கள்: இது வலியை எடுக்காது. பயத்தை எடுக்கும், தூக்கத்தைக் கொடுக்கும், அப்புறம் ஞாபகத்தை எடுத்துவிடும். ஊசி போட்ட பிறகு நடந்தது பலருக்கு நினைவில் நிற்காது. கண் திறந்திருக்கும், கேட்டால் பதில் வரும், கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவார்கள், மறுநாள் கேட்டால் எதுவுமே தெரியாது.

மேடம் கொடுக்கிற விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கொஞ்சம் ஏற்றுவார், நிறுத்துவார். சிரிஞ்சைத் தட்டில் வைத்தே விடுவார், கையில் இருந்தால் அவசரம் வரும் என்பார். பிறகு நோயாளியின் நெற்றியில் ஒரு கை, மோவாய்க்குக் கீழே ஒரு கை. ஊரில் என்ன வெள்ளாமை, காப்பி பூத்ததா, மிளகு எப்படி என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பதிலில் நாக்கு கொஞ்சம் தடித்தால் போதும், அதற்கு மேல் ஒரு சொட்டு ஏற்ற மாட்டார். வயதானவர்களுக்குப் பாதி. கூடவே வேறு வலி மருந்து கொடுத்திருந்தால் அதிலும் பாதி. இந்த மருந்து மூச்சைச் சத்தமில்லாமல் குறைத்துவிடும். “மானிட்டர் கடைசியாத்தான் சொல்லும். நெஞ்சைப் பாருங்க” என்பார். நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி நிற்பதுதான் என் வேலையின் பெரும்பகுதி. இன்றைக்கும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாராவது தூங்கினால் என் கண் அவர் நெஞ்சுக்குத்தான் போகிறது. என் மனைவி பலமுறை முழங்கையால் இடித்திருக்கிறாள்.

மயங்கும் நேரத்தில் மனிதர்கள் பேசும் பேச்சு இருக்கிறதே, அதற்காகவே நான் சம்பளமில்லாமலும் வேலை பார்த்திருப்பேன். வாழவந்திப் பக்கத்து அம்மா ஒருவர், “மேகம் ஊட்டுக்குள்ள வந்துருச்சு கண்ணு, கதவைச் சாத்து” என்றார். ஜீப் ஓட்டுகிறவர் ஒருவர் கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடிக்கச் சொல்லி என்னைத் திட்டினார். டவுனில் ஹோட்டல் சப்ளையர் ஒருவர் எங்கள் எல்லோருக்கும் என்னென்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு, ரோஸ்ட் இல்லை, மாவு தீர்ந்துவிட்டது என்று வருத்தப்பட்டபடியே தூங்கினார். எஸ்டேட் ரைட்டர் ஒருவர் வேலையாட்களின் பெயரை வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்தார். ஒரு பெயருக்குப் பதில் வராமல் அவர் நெளிவதைப் பார்த்து நர்ஸ், “இருக்கறனுங்க” என்று குரல் கொடுத்தார். மனிதர் நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

இதெல்லாம் பெயரில்லாமல் சொல்கிறேன். மேடம் போட்ட சட்டத்தில் அதுவும் சேர்த்தி. அந்தச் சட்டம் இதுதான். ஊசிக்கு முன்னால் அவர் பலகையை விட்டு இறங்கி, ஒரு ஸ்டூலைப் போட்டு, படுத்திருப்பவரின் கண்மட்டத்துக்கு வந்து உட்கார்வார். என்ன சாப்பிட்டீர்கள், பல் ஆடுகிறதா, முன்னால் எப்போதாவது மயக்கம் கொடுத்திருக்கிறார்களா, எல்லாம் கேட்டு முடித்ததும் சொல்வார்: “இன்னும் ஏதாச்சும் சொல்லோணும்னா இப்பவே சொல்லிருங்க. ஊசி போட்டதுக்கப்புறம் நீங்க சொல்றதை நாங்க கணக்குல எடுத்துக்க மாட்டோம். வெளியேயும் சொல்ல மாட்டோம்.”

ஜனங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். சிலர் சாமியைக் கும்பிடுவார்கள். ஒருவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, ஆட்டை நிழலில் மாற்றிக் கட்டினோமா என்பது நினைவில்லை என்றார். நான் வெளியே போய் அவர் வீட்டுக்குப் போன் போட்டு, ஆடு நிழலில்தான் நிற்கிறது என்று வந்து சொன்ன பிறகுதான் ஊசி ஏறியது. வெளியிலிருந்து வந்த டாக்டர்கள் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.

இந்த மருந்து எல்லோரையும் அமைதிப்படுத்தும் என்று நினைத்தால் அதுவும் தப்பு. மஞ்சக்குட்டையிலிருந்து ஒரு விவசாயி, நல்ல வயது, குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தார். முதுகில் மரத்துப்போகிற ஊசி போட்டு, மிடாஸோலம் துளி கொடுத்ததும் மனிதர் எழுந்து உட்காரப் பார்த்தார். காட்டெருமை ராகிக் காட்டில் இறங்கிவிட்டதாம், எல்லோரும் வேடிக்கை பார்க்கிறோமாம். கை ஓங்கினார். நல்ல பலம். அன்றைக்குப் பயிற்சிக்கு வந்திருந்த இளம் டாக்டர் இன்னும் கொஞ்சம் மருந்து ஏற்றினால் அடங்கிவிடுவார் என்றார். மேடம் சிரிஞ்சை எடுத்துத் தூர வைத்தார். ஆயிரத்தில் யாருக்கோ இந்த மருந்து தலைகீழாக வேலை செய்யும், மேலே ஏற்றினால் எரிகிற அடுப்பில் விறகு வைக்கிற மாதிரி என்றார். ஆக்ஸிஜன் சரியாகப் போகிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னார், மூச்சுக் குறைந்தாலும் மனிதர் இப்படித்தான் முரண்டு பிடிப்பார். போய்க்கொண்டுதான் இருந்தது. பிறகு பெரியவரின் காதருகே குனிந்து, “ஏனுங்க, எருமை அந்தப் பக்கம் போயிருச்சுங்க. ரங்கநாதன் வெரட்டிட்டாருங்க” என்றார். “எந்த ரங்கநாதன்? அவனுக்கு எருமை வெரட்டத் தெரியுமா?” என்று பெரியவர் கேட்டது மட்டும் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிவிட்டது. அது என்னைப் பற்றியது என்பதால் மேடம் விட்டுவிட்டார்.

இனி ராமாயி.

வாழவந்திக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில் பழம் பறிக்கிறவள். காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற மெஷினைப் பல்பர் என்பார்கள். அதில் அடைத்துக்கொண்ட பழத்தைத் தள்ளிவிடப் போய் வலது கை ஆள்காட்டி விரல் உள்ளே போய்விட்டது. நடுவிரலில் தோல் வழன்றிருந்தது. ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு ஜீப்பில் வந்தாள். கூடவே அவள் வீட்டுக்காரர் மாதேஸ்.

சர்ஜன் இளங்கோ சார் வாரத்தில் சில நாள் கீழேயிருந்து மலையேறி வருவார். நல்ல கைவேலை, நல்ல மனசு, ஆனால் நேரம் போதாத மனிதர். விரலைக் கழுவித் தைத்துப் பார்ப்போம் என்றார். மேடம் வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்து தன் கேள்வியைக் கேட்டார். ராமாயி அதற்கு யோசிக்கவே இல்லை. “விரலை மட்டும் எடுத்துராதீங்கம்மா. மத்தபடி என்ன வேணா பண்ணுங்க” என்றாள். பழத்தை மட்டும் திருகி எடுக்க வேண்டும், காம்பு செடியிலேயே நிற்க வேண்டும், பச்சைக் காயில் கை படக் கூடாது, இந்த விரல் இல்லாமல் அது எப்படி வரும் என்று எங்களுக்குப் பாடமே நடத்தினாள். அழவில்லை. ஆனால் இடது கையால் மேஜை விளிம்பைப் பிடித்திருந்த பிடியை என்னால் தளர்த்த முடியவில்லை.

மருந்து ஏறியதும் அந்தப் பிடி தானாகத் தளர்ந்தது. விரலின் அடியில் மரத்துப்போகிற ஊசி போட்டு, காயத்தைத் திறந்து கழுவினார்கள். இளங்கோ சார் கழுவக் கழுவ அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. எலும்பு நொறுங்கி, இரண்டு பக்க ரத்தக் குழாயும் போயிருந்தது. நுனியில் குத்திப் பார்த்தார், ரத்தம் வரவில்லை. இது நிற்காது, இப்போதே எடுத்துவிட்டால் ஒரே தடவையில் முடிந்துவிடும் என்றார். பிறகு குனிந்து ராமாயியிடம் கேட்டார். அன்பாகத்தான் கேட்டார்.

அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துச் சிரித்தாள். “எடுத்துக்கங்க சாமி. பத்துல ஒண்ணுதானே” என்றாள்.

எனக்கு மூச்சு வந்தது. நர்ஸ் கத்தியை எடுத்து வைத்தார். மேடம் பலகையிலிருந்து இறங்கினார்.

“இளங்கோ, வேண்டாங்க.”

குரல் இறங்கியிருந்தது. நான் நிமிர்ந்து நின்றேன்.

அவங்களே சொல்லிட்டாங்களே என்றார் சர்ஜன். மேடம், “அவங்க முன்னாடியே சொல்லிட்டாங்க. இப்பப் பேசறது என் மருந்து” என்றார். சர்ஜனுக்குக் கோபம் வந்தது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. செத்த விரலை விட்டு வைத்தால் சீழ் பிடிக்கலாம், நாளைக்குக் கேட்டாலும் முடிவு இதேதான், இந்த அம்மாவை இன்னொரு தரம் மேஜையில் படுக்க வைப்பது யாருக்கு நல்லது? உயிருக்கு ஆபத்து என்றால் நானே கத்தியை எடுத்துக் கொடுப்பேன், ஒரு ராத்திரி தாங்காதா என்றார் மேடம். தாங்கலாம் என்று சர்ஜனே ஒப்புக்கொண்டார், நிச்சயம் சொல்ல முடியாது என்றும் சேர்த்துக்கொண்டார். சீழ் பிடித்தால் பழி என்மேல் என்றார் மேடம்.

எடுத்துவிடலாம் என்றுதான் என் மனம் சொன்னது. அவள் சிரித்துக்கொண்டு சொன்ன முகம் எதிரிலேயே இருந்தது.

சர்ஜன் கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே போனார், வீட்டுக்காரரைக் கேட்க. நான் ஸ்வெட்டரைக்கூட மாட்டாமல் பின்னாலேயே ஓடினேன். பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த மாதேஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து நின்றார். “டாக்டர்ங்க, என்னைக் கேட்டு அவ ஒரு கோழியைக்கூட வித்ததில்லீங்க. விரலுக்கு நான் எப்படிங்க சொல்றது?” என்றார்.

அவ்வளவுதான். விரலைக் கழுவி, நடுவிரலைத் தைத்து, கட்டுப் போட்டு, கிருமிக்கு மருந்து ஏற்றி வார்டுக்கு மாற்றினோம். அதற்குள் மூடுபனி இறங்கி மலைப்பாதை தெரியாமல் போயிற்று. சர்ஜனால் அன்று கீழே போக முடியவில்லை. சாயங்காலம் முழுக்க வராந்தாவில் நடந்தார். நானும் ஏதாவது சாக்கு வைத்து வார்டுக்கும் தியேட்டருக்குமாக நடந்தேன். ஒருவரையொருவர் கடக்கும்போதெல்லாம், காய்ச்சல் இருக்கிறதா என்று அவர் கேட்பார், இல்லை என்று நான் சொல்வேன். மேடம் மட்டும் ராமாயியின் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். இடையில் ஒரு தடவை எழுந்து விரல் கட்டின் ஓரத்தை முகர்ந்து பார்த்தார். வீட்டுக்குப் போகவில்லையா என்று கேட்டேன். என் ஸ்வெட்டர் என்னைக் கூப்பிடுவதாகச் சொன்னார்.

காலையில் காய்ச்சல் இல்லை. ராமாயி எழுந்து உட்கார்ந்து டீ கேட்டாள். மேடம் அவளிடம் பேச்சுக் கொடுத்தார். விரல் எப்படிச் சிக்கியது, இங்கிருந்து வீட்டுக்கு எந்த பஸ், இறங்கி எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று கேட்டார். பல்பர் வரைக்கும், ஜீப் வரைக்கும், ஸ்டூலில் உட்கார்ந்து மேடம் கேட்ட கேள்வி வரைக்கும் எல்லாம் சரியாகச் சொன்னாள். அதற்கப்புறம் எதுவும் இல்லை. தெளிந்துவிட்டாள் என்று மேடம் தலையசைத்த பிறகுதான் இளங்கோ சார் கட்டிலருகே வந்தார்.

அவர் எதையும் மறைக்கவில்லை. விரலில் ரத்த ஓட்டம் இல்லை, இனிமேல் வரவும் வராது, விட்டால் கருத்துக் காய்ந்துவிடும், அல்லது சீழ் கட்டி மற்ற விரலுக்கும் ஏறும் என்றார். நேற்று மேஜையில் எடுத்துக்கொள்ளச் சொன்னீர்கள், ஆனாலும் எடுக்கவில்லை, இன்றைக்குக் கேட்கிறேன் என்றார்.

அப்போதுதான் அவள் அப்படிக் கேட்டாள், எடுத்துக்கச் சொன்னது நானா என்று. கேட்டுவிட்டு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சொன்னாய் என்று அடித்துப் பேச ஒருவரும் இல்லை என்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும்.

“கட்டை அவுத்து உடுங்க, பார்க்கோணும்” என்றாள்.

மேடம் அவிழ்த்தார். ஆள்காட்டி விரல் முந்தின நாளைவிடக் கருத்திருந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், இடது கையால் தொட்டாள், நகத்தால் அழுத்தினாள். எதுவும் தெரியவில்லை போலிருக்கிறது. வெளியே மாதேஸ் இருமுவது கேட்டது. சர்ஜன் கைக்கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை, அதை நான் கவனித்தேன்.

கட்டிலின் இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன். “கிட்ட வாங்கண்ணா” என்றாள். எதற்கென்று தெரியாமல் குனிந்தேன். கருத்த விரலை விலக்கி நீட்டி வைத்துக்கொண்டு, கட்டை விரலாலும் தையல் போட்ட நடுவிரலாலும் என் ஸ்வெட்டரின் மேல் பொத்தானைப் பிடித்தாள். உருண்டை நழுவியது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி பிடித்தாள். இந்தத் தடவை இழுக்கவில்லை, பழத்தைத் திருகுவதுபோலத் திருகினாள், பொத்தான் காஜாவிலிருந்து வெளியே வந்தது. அடுத்ததைப் பிடித்தாள், அதுவும் வந்தது. அதற்கடுத்தது முதல் தடவையிலேயே வந்தது. கடைசிப் பொத்தானையும் கழற்றி முடித்துவிட்டு, கையை இளங்கோ சார் பக்கம் நீட்டினாள்.